மிட்டாய் ஜாடியில் பாலாறு

மருமகளே,

இன்று காலை உன் ஜாடியைப் பரணிலிருந்து இறக்கினேன். நீ போன பிறகு நான் தொடாத ஜாடி. அடியில் ஒரு விரல் ஆற்று மணல் இன்னும் இருந்தது.

என் கடையின் கடலை மிட்டாய் ஜாடி அது. பட்டணத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவளுக்கு மணலைப் போட்டுக் குலுக்க வேறு பாத்திரம் கிடைக்கவில்லையா என்று நான் போட்ட சத்தத்தில் ஆம்பூர் ஸ்டேஷனில் நின்ற ரயில் கிளம்பிவிட்டது. நீ அசையவில்லை.

அப்போது தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள், தோல் ஊறவைத்த சுண்ணாம்புத் தண்ணீரை நம் தெரு குடிக்கிற ஊற்றுக்கு மேலே ஆற்றில் விடக் கால்வாய் வெட்டப் பார்த்தார்கள். ஒரு வெள்ளம் வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்றார் மானேஜர். ஊரும் தலையாட்டியது. நீ மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களுடைய பழைய கால்வாய் விழுகிற இடத்தில் குழி வெட்டினாய். நான் குடை பிடித்தேன். சக்கரவர்த்திகூட உனக்குக் குடை பிடிக்கலாம், தகும்.

குழியின் சுவரைச் சீவிக் காட்டினாய். மேலே சுத்தமான மணல், கீழே வெள்ளையாய் இறுகிய சுண்ணாம்பு, மறுபடி மணல், மறுபடி சுண்ணாம்பு. கிண்டத் தெரியாதவன் கிண்டிய அல்வா போல அடுக்கடுக்காக.

"பாரு மாமா. வெள்ளம் கழுவிக்கினு போவல. மேல மணலைப் போட்டு மூடி வெச்சிட்டுப் போயிருக்குது."

ஊர்க்கூட்டத்தில் அந்த மண்ணை என் ஜாடியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாய். மணல் சட்டென்று அமர்ந்தது. தண்ணீர் பொழுது சாயும்வரை தெளியவில்லை. தலையாட்டிய ஊரே வேண்டாம் என்றது. கால்வாய் நின்றது.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. இந்த வாரம் ஊற்றுக்கு மேலே அதே இடத்தில் கால்வாய்க்கு மறுபடி முளை அடித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணே இல்லை, இனிமேல் யார் கேட்பது என்று பேசிக்கொண்டார்களாம்.

நான் கேட்பேன். நீ குழி வெட்டிய இடத்துக்கு மண்வெட்டியோடு போனேன். தோண்டத் தோண்டப் பாதிப் பாலாற்று மணல் என் தொந்தியின் மேல் சரிந்தது. விடாமல் தோண்டினேன். இருக்கிறது மருமகளே, புது மணலுக்கு அடியில், உன் வெள்ளை அடுக்கு அப்படியே. அந்த மண்ணையும் தண்ணீரையும் ஜாடியில் நிரப்பிக் குலுக்கி, லட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மத்தியானம் மானேஜரே வந்தார்.

"இதை எடுத்து உள்ள வை பெரியவரே. வியாபாரம் கெட்டுடும்."

"வெக்கறேங்க. இதுல ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க, உடனே வெக்கறேன்."

லட்டு வாங்காமலே போனார்.

நாளைக் காலை கடப்பாரை இறங்குமாம். முளை அடித்த இடத்தில் எனக்கு முன்னால் என் தொந்தி உட்கார்ந்திருக்கும். அதை நகர்த்த அரக்கோணத்திலிருந்து ரயில் பெட்டி தூக்கும் யந்திரத்தை வரவழைக்கட்டும். மடியில் உன் ஜாடி இருக்கும்.

கடலை மிட்டாய்க்கு வேறு ஜாடி வாங்கிவிட்டேன்.