சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரம்

அஸ்தினாபுரம்,
4-2-1994

அன்பு மகள் செல்வமேரிக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய டிக்கெட் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதில்தான் அப்பா ஒரு கூத்து அடித்துவிட்டேன், சிரிக்காமல் படி. கவரைப் பிரித்ததும் கையில் வந்தது திரும்பி வரும் சீட்டு. அங்கே காலை 7.50-க்குப் புறப்பாடு, மெட்ராஸ் 9.20 என்று போட்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரிக் டிரெயின் கார்டாக இருந்தவனுக்குக் கழிக்கத் தெரியாதா, ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். ரயில்வேயில் கன்னியாகுமரிக்கும் கல்கத்தாவுக்கும் ஒரே மணிதானே அம்மா. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போய்த் திரும்புவதற்குள் சிங்கப்பூர் வந்துவிடும் என்று உன் அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். பஸ்ஸில் வண்டலூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பவள், அந்த ஒரு பேச்சை நம்பித்தான் வரச் சம்மதித்தாள். மீன் விற்கும் பச்சையம்மா வரைக்கும் சொல்லி ஆயிற்று.

நேற்று அம்மா, வழியில் சாப்பாடு கட்ட வேண்டுமா, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கேட்டாள். போகும் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கே காலை 9 மணி, அங்கே 3.30. அவள் விரல் விட்டு எண்ணி, ஆறரை மணி நேரமா என்று உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அந்தோணிசாமியைக் கேட்டேன். கப்பலில் வேலை பார்த்தவர் இல்லையா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறதாம், போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தானாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா பெட்டியில் வைத்த புடவைகளை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தாயும் இல்லை, தலைப்பிரசவத்துக்கு உன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? என் வாய்க்கொழுப்பால் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே, நாலு மணி நேரம்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்: “நாலு மணி நேரம்னா என்னாங்க? செல்வமேரி பொறந்தப்போ பத்தொம்பது மணி நேரம் துடிச்சேன். நீங்க டூட்டில இருந்தீங்க. எங்கம்மாதான் கையப் புடிச்சிகினு இருந்தாங்க. எம்பொண்ணு கையப் புடிக்க நான் போகணும்.” சொல்லிவிட்டுப் புடவைகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த டூட்டியை அவள் இத்தனை வருஷம் மறக்கவில்லை பார்.

நீ மாடிப்படி ஏறி இறங்காதே, மருந்து மாத்திரையை விடாதே. நார்த்தங்காய் ஊறுகாய் தயார், அம்மா தனக்கு எலுமிச்சம்பழமும் ஒரு பை எடுத்து வைத்திருக்கிறாள். இருபதாம் தேதி, உங்கள் மணிக்கு மூன்றரை. மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும், இந்த நிலையில் நீ ஏர்போர்ட்டில் வந்து நிற்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அப்பா உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக.

உன் அப்பா,
ம. யேசுதாசன்