வாசலில் நிற்கும் சப்பாத்து

பெப்ரவரி 3, திங்கள்

கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் இன்றும் அதே வலி. இடது குதிகாலுக்குள் ஆணி இறங்கியது போல. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போனேன். கொஞ்சம் நடந்ததும் குறைந்தது. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் தொழிலாளர் லயங்களுக்கு ஏறி இறங்கி வந்ததும் மறுபடி. கிறிஸ்மஸுக்கு முன்பிருந்தே இப்படித்தான்.

இக்னேசியஸ் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மிட்வைஃப் மிஸ்ஸி நொண்டுறாங்கன்னு புள்ளைங்க பொறக்குறத தள்ளிப் போடுமா? போய்க் காட்டு" என்றார். கட்டிய நாளிலிருந்து அவர் சொன்ன நல்ல புத்திகளில் ஒன்று.

பெப்ரவரி 6

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. பாதத்தின் அடியில் குதியிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த சவ்வு, குதியில் ஒட்டும் இடத்தில் பழுதாகியிருக்கிறது. பிளாண்டர் ஃபசைட்டிஸ். பயிற்சிக் காலத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுக் கடந்த பெயர்.

பிசியோதெரபிஸ்ட் நிலக்ஷி பொறுமையான பெண். மாதக்கணக்காகும், ஆனால் பெரும்பாலும் ஊசி இல்லாமலே குணமாகும் என்றாள். எழும்புவதற்கு முன் துவாயால் பாதத்தை இழுக்க வேண்டும். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும். உறைந்த தண்ணீர்ப் போத்தலைப் பாதத்தடியில் உருட்ட வேண்டும். குதி மெத்தென்ற சப்பாத்து போட வேண்டும்.

"வெறுங்காலோட நடக்கிறீங்களா மிஸ்?"

"இல்லையே."

பெப்ரவரி 9

ஹட்டனில் சப்பாத்து வாங்கினேன். கறுப்பு. சேலைக்குப் பொருத்தமில்லை, பரவாயில்லை.

இரவு போத்தல் உருட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து இக்னேசியஸ்: "இந்தக் குளிர்ல ஐஸ் உருட்டுற ஒரே பொம்பள நீதான்."

மார்ச் 4

எங்கள் மேலதிகாரி டொக்டர் பிரியந்தி கூப்பிட்டு அனுப்பினார். நான் நொண்டுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோபமில்லை, அக்கறையாகத்தான் பேசினார், சிங்களத்தில். ஏப்ரல் முடிவு வரை பார்ப்போம், குறையவில்லை என்றால் ஹட்டன் கிளினிக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறேன் என்றார்.

மேல் டிவிஷனுக்கு யார் போவார்கள் என்று கேட்டேன். இப்போதைக்கு ஆள் இல்லை, அவர்கள் கீழே வரட்டும் என்றார்.

உட்கார்ந்து செய்கிற வேலை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். ஆசையாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 11

மேல் டிவிஷன் சர்மிளாவுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. கால் வீங்கியிருந்ததையும் தலைவலியையும் அப்போது அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை பிரஷர் சரியாக இருக்கிறது. "நோவுன்னா உடனே சொல்லணும்" என்று வழக்கம்போலச் சொன்னேன்.

"கிளினிக்ல அத்தன பேருக்கு முன்னால வாய் வராது மிஸ்ஸி. நீங்க வீட்டுக்கு வாறதாலதான் சொல்லுறேன்."

ஹட்டன் வேலையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

இரண்டு மாதமாகிறது. துவாய், சுவர், போத்தல், சப்பாத்து — ஒன்றும் விடவில்லை. வலியும் விடவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேச்சியம்மாவின் பேத்திக்கு எடை பார்க்கப் போனேன். வெளியே வந்து சப்பாத்தைப் போடக் குனியும்போது கிழவி சிரித்தாள். "காசு குடுத்து வாங்கினது நீங்க. ரெஸ்ட் எடுக்கிறது சப்பாத்து. எங்க வாசல் வாசலா குந்திக்கிட்டு இருக்கு."

அப்படியே நின்றுவிட்டேன்.

நிலக்ஷியிடம் 'இல்லை' என்றேனே! பொய் சொல்லவில்லை. எனக்கு அது கணக்கிலேயே வரவில்லை. வீட்டுக்குள் போகும்போது கழற்றுவது வெறுங்காலில் நடப்பதா? ஆனால் ஒவ்வொரு வீட்டுக் காம்பராவிலும் எத்தனை நேரம் அந்தக் குளிர்ந்த சிமெந்துத் தரையில் நிற்கிறேன். தராசு தொங்கவிட்டு, வயிறு பார்த்து, தாய்க்குப் பால் கொடுக்கக் காட்டி... அடுத்த காம்பரா. நாள் முழுக்க வெறுங்கால்தான்.

கழற்றாமல் போகவும் முடியாது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சப்பாத்துக் காலோடு எங்கள் காம்பராவுக்குள் வந்து, பாய் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்று அம்மாவுக்கு மருந்து சொல்வார். தோட்டத்துத் துரையும் அப்படித்தான் வருவாராம். டிஸ்பென்சர் போனதும் காய்ச்சலோடு அம்மா தரையைத் துடைப்பாள். லயத்தில் பிறந்து இந்த வேலைக்கு வந்தவள் நான். அந்த மாதிரி ஓர் ஆளாக உள்ளே நுழைவதா?

ஏப்ரல் 10

வீட்டுக்குள் போட என்று தடித்த குதி வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். தெருவில் அது படாது. பையில் வைத்துக்கொண்டு, வாசலில் மாற்றிக்கொண்டால் யாருக்கும் குறையில்லை என்று நினைத்தேன்.

சர்மிளாவின் மாமியார் ராசம்மா என் காலையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இப்பதான் கழுவி விட்டேன் மிஸ்ஸி. எங்க ஊடு அவ்வளவு ஊத்தையா?"

"இல்ல அக்கா, சுத்தமான செருப்புதான்..." என்று ஏதோ உளறினேன். தேத்தண்ணி கொடுத்தார். கொடுத்த கையோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 11

ராசம்மா மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. பேசாம ஹட்டனுக்கே போயிரலாம். கதிரை, மேசை, ஃபேன்கூட இருக்கும். யாரு வீட்டுத் தரையையும் மிதிக்கத் தேவையில்ல.

இன்று மூன்று வீட்டில் பையைத் திறக்கவே இல்லை. வெறுங்காலோடுதான் நின்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதைக்கு எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. யேசு ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 22

ராசம்மா வீட்டுக்குப் போய் உள்ளே ஏறாமல் படியிலேயே உட்கார்ந்தேன். இடது காலை நீட்டிக் குதியைக் காட்டி, டிசம்பரிலிருந்து நடந்ததைச் சொன்னேன். ஹட்டன் வேலையையும் சொன்னேன். சர்மிளா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராசம்மா குனிந்து குதியில் விரலை அழுத்தினார். "அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா ஏறி வந்தீங்க? நோவுன்னா வாயத் தொறந்து சொல்லணும்னு எங்களுக்கு மட்டுந்தானா பாடம்?"

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"அந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க. நான் ஒரு கிறுக்கச்சி."

ஏப்ரல் 30

இன்று காலை முதல் அடி கொஞ்சம் லேசு. பிரமையாகவும் இருக்கலாம். டொக்டர் பிரியந்தியிடம் இன்னும் இரண்டு மாதம் கேட்டேன். தந்தார்.

மே 13

எல்லா வீட்டிலும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ராசம்மா கொழுந்து பறிக்கிற மலையில் சொல்லிவிட்டார் போல. மிஸ்ஸிக்குக் குதியில் கட்டி என்கிறார்கள் சிலர், எலும்பு வளர்ந்துவிட்டது என்கிறார்கள் சிலர். திருத்தவில்லை.

மே 27

சர்மிளாவைப் பார்க்கப் போனேன். வயிற்றைப் பார்த்து முடித்து எழும்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "நேத்துலேருந்து தலைய வலிக்குது மிஸ்ஸி. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குற மாதிரி."

கால் வீங்கியிருந்தது. பிரஷர் ஏறியிருந்தது. லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வார்ட்டில் சேர்த்துவிட்டு வரும்போதுதான் கவனித்தேன், லயத்துப் படிகளில் ஓடி இறங்கியிருக்கிறேன். இரவு குதி நன்றாகத் திட்டியது. திட்டட்டும்.

ஜூன் 6

பெண் குழந்தை. கொஞ்சம் முந்தித்தான், எடையும் குறைவுதான். தாயும் பிள்ளையும் நலம்.

ஜூன் 30

டொக்டரிடம் ஹட்டன் வேலை வேண்டாம் என்றேன். நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. பையை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டேன், வீட்டுச் செருப்பு இல்லை. ராசம்மா வாசலில் நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். தடித்த குதி. நீலம். "கொட்டகலையில கெடச்சிச்சு. இங்கேயே கெடக்கட்டும். நனையாம உள்ள வாங்க."

பிள்ளை நன்றாக எடை கூடியிருக்கிறது. தராசில் கிடந்து என்னை முறைத்தது.

மாலை வீட்டுக்கு வந்து பார்த்தேன். பழைய வீட்டுச் செருப்பு குதிப்பக்கம் தேய்ந்து மெலிந்துவிட்டது. கறுப்புச் சப்பாத்து இன்னும் புதிது போலத்தான் இருக்கிறது. ஹட்டன் போகும்போது செருப்பு இன்னொரு ஜோடி வாங்க வேண்டும்.