வகிடு எந்தப் பக்கம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டி வலி எப்படி இருக்கு? அப்பா மாத்திரையை மறக்காம போடுறாரா? அந்தக் காய்ச்சல்ல கொட்டின முடிதான் திரும்ப வரல, மத்தபடி நான் நல்லா இருக்கேன்.

விக் வெச்சுக்கிட்டு ஓட்டல் வரவேற்பு மேசைக்குத் திரும்பிட்டேன். முதல் நாளே ஒரு கூத்து. பழக்கதோஷத்துல விக்குக்கும் தேங்காய் எண்ணெய் தடவிட்டேன். அது உள்ள ஒட்டுற டேப்புல இறங்கிடுச்சு போல. கீழ விழுந்த சாவியை எடுக்கக் குனிஞ்சா, விக் நழுவி காதுக்கு வந்துடுச்சு. எதிர்ல நின்னவர் முழிச்சார். நான் அதை நேரா இழுத்து வெச்சுட்டு, "உங்க அறை மூணாவது மாடி சார்"னு சாவியை நீட்டினேன். மேனேஜர், "கொஞ்ச நாள் உள்வேலை பாக்குறீங்களா?"ன்னு கேட்டார். முடியவே முடியாதுன்னுட்டேன்.

இப்ப எண்ணெய் கிட்டவே போறதில்ல. வாரம் ஒருதடவை பச்சைத் தண்ணியில அலசி, நிழல்ல காயவெச்சு, நுனியிலேர்ந்து சிக்கெடுக்கிறேன். அறையில பேச்சுத் துணையும் அதுதான்.

என் தலை அளவுக்கே புதுசு ஒண்ணு செய்யக் கொடுத்திருக்கேன். கடைக்கார அக்கா வகிடு எந்தப் பக்கம்னு கேட்டாங்க. முடியைக் கோத்துட்டா அப்புறம் மாத்த முடியாதாம். கண்ணாடியில ஒரு பக்கம் பார்த்த ஞாபகம், போட்டோவுல மறுபக்கம் தெரியுது. பின்னாடி நின்னு சீவிவிட்டது நீதானே, நீயே சொல்லு.

உன் பழைய பருத்திச் சேலையில ஒரு முழமும் அனுப்பு. உள்ள வெச்சுக்கிட்டா அரிக்காது.

வேலைக்கு நேரமாச்சு. ரொம்ப யோசிக்காதம்மா. கண்ணை மூடிக்கிட்டு சீப்பைக் கையில எடு. கை தானா எந்தப் பக்கம் போகுதோ, அதை எழுது.

உன் மூத்தவள்