எட்டாவது பெயரை நீ சொல்லவில்லை

என் செல்லத் தம்பி ஞானராஜுக்கு,

மதுரையில் நம் ரேடியோ நண்பர்கள் ஒரு சிறப்பு மலர் அச்சுப் போடப்போகிறார்களாம். புயல், வெள்ளம், மண்சரிவு என்று வரும்போது அமெச்சூர் ரேடியோவால் என்ன செய்ய முடியும் என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன். தந்திக் கம்பம் சாய்ந்தாலும், டெலிபோன் செத்தாலும், ஒரு ஜீப் பேட்டரியும் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய ஒரு கம்பியும் இருந்தால் போதும், செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எதை எழுதினாலும் உன்னைக் கூப்பிட்டுத்தான் எழுத வருகிறது. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். அவர்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் உனக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்தபோது அம்மா விட மறுத்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் உன் குரல் இந்த வீட்டில் கேட்கும் என்று சொல்லித்தான் நீ கிளம்பினாய். நாம் இரண்டு பேரும் ஏற்கெனவே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், வீட்டில் ரேடியோ டீச்சர் என்று என்னைக் கேலி செய்வாய். ஐந்து வருஷம் நீ சொன்னபடியே கேட்டது. மலையில் மழை, காய் எடுப்பு, கறி தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அம்மாவின் காப்பியோடு வந்து சேர்ந்தது.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. அம்மா வடுகபட்டியில் சித்தி வீட்டுக்குப் போனவள் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஏழு மணிக்கு ரேடியோ செட்டைப் போட்டேன். நீ வழக்கமாக அம்மாவை விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாய். அன்றைக்கு விசாரிக்கவில்லை.

"அக்கா, எழுதிக்க. விடியக்காலம் மேட்டுச் சரிவு லயத்து மேல வந்து விழுந்திருச்சு. செத்தவுக நாலு பேரு. அடிபட்டவுக ஏழு பேரு. பேரு சொல்றேன், வயசோட எழுதிக்க."

எழுதினேன். தொழிலாளர்கள் குடியிருந்த அந்த ஓட்டு வரிசையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த ஏழு பெயரும் எனக்கு இன்றைக்கும் வரிசை மாறாமல் வரும். நாலாவது பெயர் பேச்சியம்மா, வயது இருபத்தாறு, வலது கால் நசுங்கி ரத்தம் நிற்கவில்லை.

குடையில்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே போன் செத்துக் கிடந்தது. மலையில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நம் வீட்டுக்கு வந்து உன் குரலைக் காதால் கேட்ட பிறகுதான் நம்பினார். மதுரையில் நமக்குப் பழக்கமான ஒருவர் அதே அலைவரிசையில் இருந்தார். அவர் செய்தியை வாங்கி சைக்கிளில் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் போடிக்கும் தெரிந்தது, மதுரைக்கும் தெரிந்தது. எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது தம்பி. உன்னிடம் மறைக்க மாட்டேன். வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

செய்தி போயிற்று. ஆட்கள் போக முடியவில்லை. மலை ரோடு நாலு இடத்தில் அறுந்து கிடந்தது. ஜீப் அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் திரும்பி வந்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நம் வீட்டில் வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன், நீ செய்தாய். பேச்சியம்மாவின் தொடையில் எங்கே கட்ட வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும், யாருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. மத்தியானம் இருக்கும். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பிக்கு அடி ஒண்ணும் இல்லையே?"

"அவனுக்கென்ன டாக்டர். அதான் பேசிக்கிட்டு இருக்கானே."

உன்னைக் கேட்காமலே நான் பதில் சொன்னேன். மைக் என் கையில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சாயங்காலம் உன் குரல் தேய ஆரம்பித்தது. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொன்னாய். பேட்டரி இறங்குகிறது, இனிமேல் மோர்ஸ் சாவியில் புள்ளியும் கோடுமாகத் தட்டுகிறேன் என்றாய். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பேசுவதற்கு வேண்டிய மின்சாரத்தில் பாதிகூட அதற்கு வேண்டாம் அல்லவா? நல்ல யோசனை என்று உன்னைப் பாராட்டினேன். வளவளவென்று தட்டாதே, சுருக்கமாக அனுப்பு என்று அதட்டவும் செய்தேன்.

மறுநாள் மத்தியானம் முப்பது பேர் கால்நடையாக மேலே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது நான் எழுதிக் கொடுத்த பட்டியல். ஏழு பெயர், ஏழு தூளி. ஏழு பேரையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எல்லோரும் போயாயிற்று என்று நீ தட்டினாய். நீயும் இறங்கு என்று நான் தட்டினேன். நாளைக்கு என்றாய்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். ஏழரை வரை கூப்பிட்டேன். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செட்டை அணைத்துவிட்டு, ஈரத்துணி காயப்போடப் போனேன்.

மற்றவர்களைப் பற்றிய செய்தியெல்லாம் காற்றில் வந்தது. உன்னைப் பற்றிய செய்தி நடந்து வந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு. இரண்டாவது தடவை மேலே போனவர்கள், ஸ்டோர் அறையில் மேசைக்குக் கீழே நீ கிடந்ததாகச் சொன்னார்கள். காலையில் சுவர் சரிந்திருக்கும், நெஞ்சில் அடி, நொடியில் போயிருப்பான் என்றார்கள். நானும் நம்பினேன். அம்மாவுக்கும் அதையே சொன்னேன். வருஷாவருஷம் உன் நினைவுநாளில் அம்மா சொல்லுவாள்: "எம்புள்ள கஷ்டப்படாமப் போய்ட்டான்." அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷமும் எழுந்து நடமாடுகிறாள்.

போன மாதம் பேச்சியம்மா வீட்டுக்கு வந்தாள். இப்போது போடியில் ஏலக்காய் பொறுக்குகிறாள். கால் சற்றே இழுக்கிறது, ஆனால் நடக்கிறாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னைக் கேட்க வந்தவள், சுவரில் உன் படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். தன்னை இழுத்துப் போடும்போதுதானே உத்திரம் உன் நெஞ்சில் விழுந்தது என்று சாதாரணமாகச் சொன்னாள். எந்த உத்திரம் என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியும்னுல்ல டீச்சர் நெனச்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நீ முதல் செய்தி அனுப்பும்போதே உன் விலா உடைந்திருந்தது. எட்டாவதாக உன் பெயரையும் சொல்லச் சொல்லித் தோட்டத்துக் கங்காணி கெஞ்சியிருக்கிறார். "அக்காகிட்டச் சொல்லாதீக. அவ கை நடுங்கிரும். அப்புறம் இங்கன உள்ள ஒருத்தரும் பிழைக்க முடியாது" என்றாயாம். ஆட்கள் வந்தபோது கம்பளியைக் கழுத்து வரை போர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாயாம். உங்களுக்கு ஒன்றுமில்லையே என்று அவர்கள் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாயாம். உன்னை எடுத்த பிறகும் அந்த பேட்டரியில் ஸ்டோர் விளக்கு நாலு நாள் எரிந்ததாம். கங்காணி அவளிடம் சொல்லியிருக்கிறார்.

பேட்டரியில் குறையில்லை. உனக்கு மூச்சுத்தான் இல்லை. அதை நான் தெளிவாகக் கேட்டேன், பேட்டரி என்று எழுதி வைத்தேன்.

நீ சொன்னது சரியா தம்பி? என் கை நடுங்கியிருக்குமா? நடுங்கியிருந்தாலும் எழுதியிருப்பேனே. டாக்டர் உனக்கும் ஏதாவது சொல்லியிருப்பாரே. ஏழு தூளியோடு எட்டாவதாக ஒன்று போயிருக்குமே. இல்லை, உள்ளே கசியும் ரத்தத்துக்கு மலையில் வைத்தியம் இல்லை என்று உனக்கே தெரிந்திருந்ததா? டாக்டரைக் கேட்கலாமென்றால் அவரும் மாற்றலாகிப் போய் இப்போது உயிரோடு இல்லை. யாரிடம் கேட்பேன்?

போடியில் இப்போது வெளியூர் போன் பேசக் கடை வந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நேரே மெட்ராஸுக்குப் பேசுகிறார்கள். அந்த ஏழு பேரில் ஆறு பேர் இருக்கிறார்கள். பேச்சியம்மாவின் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. கணக்கில் கெட்டி. இதையெல்லாம் நீ கேட்டால் சந்தோஷப்படுவாய். எனக்கு ஏனோ பாதிதான் சந்தோஷம்.

அம்மா இன்னும் உன் கஷ்டப்படாத சாவை நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதமாக நான் அவள் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை. சொன்னால் அவளிடமிருந்து அதையும் பிடுங்கியவளாவேன். சொல்லாவிட்டால், ஒன்றரை நாள் அந்த வலியோடு நீ செய்தது என்னவென்று உன்னைப் பெற்றவளுக்கே தெரியாமல் போகும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சொல்லிவிடுகிறேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. அழுது முடித்த பிறகு அம்மா என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "நீ ஒரு தடவையாவது அவனைக் கேட்டியாடி?"

கேட்கவில்லை என்று சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர் அக்கா