படுத்திருந்தவள் எழுதுகிறேன்

என்னைவிட இரண்டே வயது மூத்தவள் என்பதை ஒருநாளும் மறக்கவிடாத என் பவா அக்காவுக்கு,

போன ஞாயிறு உன் இரண்டாம் ஆண்டுத் திவசம் முடிந்தது. பிக்கரிங்கில் உன் வீட்டில் நாற்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். அத்தான் உன் படத்துக்குப் புது மாலை வாங்கியிருந்தார். அன்று அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

அதற்கு முதல் ஒரு பழைய கோபம். உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த கிழமையே மில்லிக்கனில் இருந்தும் மோர்னிங்சைட்டில் இருந்தும் நம் சனத்தின் சாப்பாடு வந்து குவிந்தது. உன் பிரிட்ஜில் இடமில்லாமல் என் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய். எனக்கு மனச்சோர்வு என்று டொக்டர் சொல்லி அப்போது ஒன்பது வருடம். ஒருவரும் எனக்கு ஒரு இடியப்பம்கூடக் கொண்டுவரவில்லை. நீயும்தான். நீ வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாய்: "உனக்கென்னடி குறை? நல்ல மனுசன், ரெண்டு பிள்ளையள், வேலை. சும்மா கண்டதையும் யோசிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாய்."

நானா யோசித்தேன்? அந்த எண்ணங்களை நான் கூப்பிடவில்லை அக்கா. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்து போனை எடுத்து "குட் மோர்னிங்" சொல்லும்போதே உள்ளே ஒன்று சொல்லும்: நீ நடிக்கிறாய். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டும்போது சொல்லும்: நீ இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள். குளிக்கும்போது, சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட அது ஓயாது.

உன் கடைசி மாதத்தில், கீமோவை நிறுத்திய பிறகு, ஒரு பின்னேரம் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாய்: "உண்மையா, உன்ர தலைக்குள்ள என்னடி சொல்லுது?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். சுவரைப் பார்த்தபடியே, "உதையெல்லாம் கேட்டுக்கொண்டோ இவ்வளவு காலமும் வேலைக்குப் போய்வந்தனீ?" என்றாய். அவ்வளவுதான். பதினொரு வருடம் பிந்திக் கேட்டாய். மூன்று கிழமையில் போய்விட்டாய்.

நீ போன பிறகு புதிதாக ஒரு எண்ணம் வந்து குடியேறியது. இருக்கவேண்டியவள் போய்விட்டாள், போகவேண்டியவள் இருக்கிறாள். இரண்டு வருடமாக ஒருநாள் தவறாமல் அதே வசனம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நான் பார்க்கும் கவுன்சிலர் சென்னைப் பெண். "இதையே உங்க தோழி ஒருத்தி தன்னைப் பத்திச் சொன்னா என்ன சொல்லுவீங்க? எழுதிப் பாருங்க" என்றாள். எழுதினேன். எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை.

இனி ஞாயிறுக்கு வருகிறேன். வெறும் சோற்றுச் சட்டியோடு உன் சமையலறை வாசலுக்கு வந்தேன். உள்ளே நம் அப்பாவின் தங்கச்சி, சின்ன மாமி, அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வாழ ஆசைப்பட்டவளைக் கடவுள் கொண்டுபோட்டார். வேண்டாமெண்டு படுத்திருக்கிறவளை விட்டுவைச்சிருக்கிறார்."

அத்தான் ஓமென்று தலையை ஆட்டினார்.

அதே வசனம் அக்கா! எனக்குள் இருந்து வந்தபோது உண்மை மாதிரி இருந்தது. மாமியின் வாயில் இருந்து வந்தபோது, இது என்ன அநியாயம் என்று இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கோபப்படுவது எப்படி என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

சட்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "மாமி, நான் வேண்டாமெண்டு படுத்திருக்கேல்லை. எனக்கு வருத்தம், மருந்து எடுக்கிற நோய். அந்த வருத்தத்தோடதான் அக்காவைக் கடைசிவரைக்கும் பாத்தனான்."

"ஐயோ பிள்ளை, நான் உன்னைச் சொல்லேல்லை."

"இல்லை மாமி, என்னைத்தான் சொன்னனீங்கள்."

கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மனுசன் வந்து என் கோட்டை எடுத்துத் தந்தார். காரில் ஏறியதும், "இண்டைக்கு உது தேவையோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. திங்கள் காலை பல் விளக்கும்போதே அந்த எண்ணம் வந்தது. ஆனால் மாமியின் குரலில் வந்தது. மாமிக்குப் பதில் சொல்ல எனக்கு இப்போது தெரியும். வாய்விட்டே சொன்னேன். செவ்வாய் சொல்ல முடியவில்லை. வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டேன். புதன் போனேன். டொக்டர் தந்த குளிசைகளை விடாமல் போடுகிறேன். இதுதான் என் முன்னேற்றம். இதற்கு யாரும் சாப்பாடு கொண்டுவர மாட்டார்கள்.

மாமியோடு இன்னும் கதைக்கவில்லை. அத்தான் இரண்டு தரம் போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. ஆனால் அவர்களைவிட உன்னோடுதான் எனக்குக் கோபம். அந்த ஒரு கேள்வியை, நீ நடமாடித் திரிந்த காலத்தில், ஒருநாள் கேட்டிருக்கக் கூடாதா? கேட்கத் தெரிந்திருந்ததே உனக்கு?

உனக்கும் சேர்த்து வாழ்வேன் என்று மற்றவர்கள் எழுதுவதுபோல் நான் எழுத மாட்டேன். என் ஒரு வாழ்க்கையே எனக்குப் பாரம். என்னால் தரமுடிந்த வாக்கு வேறு. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு நிறைய வருடம் பிடிக்கும். அவ்வளவு வருடமும் இருந்து, அவசரப்படாமல் ஆறுதலாக மன்னிப்பேன்.

உன்னோடு கோபமாகவே இருக்கும்
உன் தங்கச்சி,
சுமதி