கயிற்றுத் துணை

நாள் 212, காலை
பகலவன், பனியைத் துளைத்து நீர் எடுக்கும் பொறியாளர், பொதுமை விண்கல் நிலையம். பம்புகள் இரண்டும் ஓடுகின்றன. இந்தக் கல்லில் ஈர்ப்பு இல்லையென்றே சொல்லலாம். கால் தடுக்கினால் வானத்துக்குத்தான் போவோம். அதனால் வெளியே போகிறவரின் இடுப்புக் கயிற்று நுனியை வாசல் வளையத்தில் கொக்கியால் மாட்டி, ஒரு தோழர் பிடித்திருப்பார். யார் யாருக்குத் துணை என்று இங்கே ஆணை போடுவதில்லை, அது கம்பெனி முதலாளிகளின் பழக்கமாம். அவரவரே முன்வர வேண்டும். எனக்கு இன்றும் யாரும் முன்வரவில்லை.

நாள் 215, மாலை
நான் ஆண்களை நேசிப்பவன். இங்கே அது ரகசியமில்லை. பொது அலைவரிசையில் தோழர் செங்குட்டுவன்: "பகலவனுக்குக் கயிறு பிடிச்சா தாலி கட்டின மாதிரி ஆயிடும்பா." பல குரல்கள் சிரித்தன. அதில் நிலையச் செயலாளர் மணிமொழியின் சிரிப்பும் இருந்தது, எனக்கு அது தெரியும்.

புகார் அனுப்பினேன். மணிமொழியின் பதில்: "கிண்டலைப் பெருசாக்காதீங்க தோழர். உங்க உரிமைக்காக நாங்க ஊர்வலமே போயிருக்கோம். நம்மகிட்ட போய் அந்த வெறுப்பு இருக்குமா?"

போனார்கள்தான். வானவில் பதாகையைத் தூக்கி வந்தவனே செங்குட்டுவன்.

நாள் 219
பொதுக்குழு. தீர்மானம்: நம் நிலையத்தில் தன்பாலீர்ப்பாளர் மீது வெறுப்பு இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். நான் மட்டும் தூக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்கள். சம்பந்தப்பட்டவரின் வாக்கு கணக்கில் வராதாம்.

வெறுப்பே இல்லையென்றால் என் புகாருக்கு வேறு காரணம் இருந்தாக வேண்டுமே. நான் கம்பெனிக்காரர்களின் ஆள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒற்றுமையைக் காட்ட செங்குட்டுவனே எனக்குத் துணையாக முன்வந்தான். கைதட்டினார்கள்.

நாள் 221
வெளியே போனேன். இழுவிசையோடு இருக்க வேண்டிய கயிறு தொளதொளவென்று கிடந்தது. கேட்டேன். "பிடிச்சிருக்கேன் தோழர்." திரும்பி வந்து பார்த்தால் வாசலில் கயிற்றுக் கொக்கியின் பூட்டு திறந்திருந்தது. மறதியா? மறப்பவனில்லை அவன்.

மணிமொழி: "தேய்மானமா இருக்கும். நீங்கதான் எல்லாத்தையும் சந்தேகக் கண்ணோட பாக்குறீங்க."

ஆமாம், பார்க்கிறேன். யார் சாப்பாட்டுத் தட்டை நீட்டினாலும் இப்போதெல்லாம் கையைப் பார்க்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நாள் 224, காலை
நீர்க்குழாய் உறைந்துவிட்டது. சரிசெய்யாவிட்டால் எல்லோருக்கும் தண்ணீர் நின்றுபோகும். போக மறுத்தால் நாசவேலை என்பார்கள். வேறு துணை கேட்டேன். தோழர்களுக்குள் பாகுபாடு பார்ப்பது நான்தானாம். போகிறேன்.

நாள் 224, பிறகு. குரல் பதிவு
குழாய் சரியாகிவிட்டது. கால் வழுக்கியது. மிதக்கிறேன். கயிற்றை இழுத்தேன், முழுவதும் என் கைக்கே வந்துவிட்டது.

செங்குட்டுவன்: "பிடிச்சிருக்கேன் தோழர்."

மணிமொழியிடம் சொன்னேன், நுனி என் கையில் இருக்கிறது என்று. "அவரு பிடிச்சிருக்கேன்னு சொல்றாரே. பதட்டப்படாம இருங்க."

கம்பெனிக் கப்பல் ஒன்றின் விளக்கு தெரிகிறது. அபயக்குரல் கொடுக்கப் போகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் குரலில் முதன்முறையாகப் பதற்றம்: "வேணாம் தோழர். இதெல்லாம் நம்ம உள்விவகாரம். வெளியில தெரிஞ்சா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கூப்பிட்டேன். குரல் போகவில்லை. என் அலைவரிசையை நிலையத்திலிருந்தே அணைத்துவிட்டார்கள். இந்தப் பதிவு மட்டும் ஓடுகிறது.

காற்று குறைகிறது. யார் கண்டெடுத்தாலும் சரி, அவர்கள் விபத்து என்பார்கள், கயிறு அறுந்தது என்பார்கள். நல்லவர்கள்தான், நம்பத் தோன்றும். நுனியை என் கையில் சுற்றி வைத்திருக்கிறேன். பாருங்கள். ஒரு இழைகூடப் பிரியவில்லை. கொக்கியும் கூடவே…