தோணாவின் ஒதுக்கு நிலம்

மதினி,

இன்று காலை எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் ஒரு லொறி கிறவல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. தூறலில் நனைந்த அந்தச் செம்மண்ணின் வாசம் யன்னலால் உள்ளே வந்தது. அடுப்பில் வைத்த தண்ணீரை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மண்வாசம் மற்றவர்களுக்கு என்னென்னவோ நினைவு தரும். எனக்கு உங்களைத்தான் தருகிறது.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு நிற்கிற நம்மூரில் மூச்சுவிட இருந்த ஒரே இடம் தோணாதான். மேற்கு வயல்களில் தேங்குகிற மாரி வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஆழமில்லாத ஓடை அது. அதன் கரையில்தான் உங்கள் வளவு. எதிர்க்கரையில் ஹாட்வெயார் ஹாஜியார் சாமான் அடுக்க ஒரு பெரிய ஸ்டோர் கட்டத் தொடங்கியிருந்தார். லொறி லொறியாகக் கிறவல் வந்து தோணாவுக்குள் விழுந்தது. ஓடையில் பாதி தரையாயிற்று. தரையில் மதில் எழும்பிற்று.

நீங்களும் அந்த வருடம்தான் கட்டினீர்கள். உங்கள் மகள் நிஹாறாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. நம்முடைய வழக்கப்படி வீடு மகளுக்கு. ஆகவே வீட்டுக்குப் பின்னால், தோணாப் பக்கமாக, சமைக்க ஒரு குசினியும் அதையொட்டிச் சின்ன அறையும் எழுப்பினீர்கள். “எனக்கும் மனுசனுக்கும் பாய் போட ஒரு மூல போதும் புள்ள,” என்றீர்கள். மேசன் வராத நாட்களில் நீங்களும் நானும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கல் சுமந்தோம். கூரைத் தகரம் ஏறிய அன்று பாயாசம் காய்ச்சி அயலுக்கெல்லாம் அனுப்பினீர்கள்.

அந்த மாரியின் முதல் மழையிலேயே வெள்ளம் போக வழியில்லாமல் உங்கள் வளவுக்குள் ஏறிவிட்டது. நீங்கள் யாரையும் திட்டவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஹாஜியாரிடம் போனீர்கள்.

“தண்ணி போற வழிய அடைச்சிப் போட்டீங்களே ஹாஜியார். நாங்க எங்க போறது?”

அவர் கதிரை போட்டு இருத்தினார். தேத்தண்ணி தந்தார். “எல்லாம் பேர்மிட்டோடதான் கட்டுறன் மகள். சந்தேகமெண்டா கந்தோர்ல கேட்டுப் பாருங்க,” என்றார், மிக மரியாதையாக.

கேட்டுப் பார்க்கத்தான் போனோம். சண்டைக் காலம். அரசாங்கக் கந்தோரில் பாதி நாற்காலிகளில் ஆள் இல்லை. இருந்தவர்களும் ‘நாளைக்கு வாங்க’ என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். நாளைக்கும் போனோம், அதற்கு அடுத்த கிழமையும் போனோம். கடைசியில் வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு இளம் உத்தியோகத்தர்தான் நீங்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். “தோணாவுக்கு ரெண்டு பக்கமும் ஒதுக்கு நிலம் இருக்கு அம்மா. அதில யாரும் கட்டேலாது. சட்டப்படி செய்வம்,” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். “பாத்தியா புள்ள, கேட்டா செய்றாங்க. நாமதான் கேக்கிறல்ல.”

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மதினி. அதுதான் வினையாயிற்று.

அளவு நாடாவோடு வந்தார்கள். ஹாஜியாரின் மதிலை அளந்தார்கள்; அது ஒதுக்கு நிலத்துக்குள்ளேயே நின்றது. நீங்கள் உள்ளே ஓடிப்போய் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி வந்தீர்கள். அதைக் குடித்துக்கொண்டே அந்த உத்தியோகத்தர் நம்முடைய கரைக்குத் திரும்பினார்.

“இந்தக் குசினி எப்ப கட்டினது?”

“இந்த வருசந்தான் சேர்.”

“அனுமதி எடுத்ததா?”

“எங்கட வளவுக்குள்ள கட்டவும் அனுமதியா?”

நாடாவைப் பிடித்தார்கள். குசினியும் அறையும் முழுதாக உள்ளே விழுந்தன. “இதுவும் ஒதுக்கு நிலந்தான் அம்மா,” என்றார். அவருடைய குரலில் சந்தோசம் இருக்கவில்லை.

இடிக்கச் சொல்லி இரு கரைக்கும் ஒரே மாதிரிக் கட்டளை வந்தது. ஹாஜியார் வக்கீலைப் பிடித்துத் தடை வாங்கினார். வழக்குத் தவணை தவணையாகத் தள்ளிப்போயிற்று. அதற்குள் ஸ்டோருக்குக் கூரை வந்தது, பிறகு மேல்மாடியும் வந்தது. நமக்கு வக்கீல் இல்லை. “கோடு கச்சேரிண்டு அலைஞ்சா புள்ளட கலியாணம் நிண்டு போகும்,” என்று உங்கள் மனுசன், காக்கா, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குசினியை இடிக்க ஆட்கள் அலவாங்கோடு வந்தபோது நீங்கள் அழவில்லை. சட்டி பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தீர்கள். “முறைப்பாடு வந்தா எல்லாரையும் ஒரே மாதிரித்தான் பாக்கணும் அம்மா,” என்று அந்த உத்தியோகத்தர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“முறைப்பாடு வச்சது நான்தானே சேர்,” என்றீர்கள்.

சில மாதங்களில் அவரையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஹாஜியாரின் வழக்கைக் கேட்பாரில்லாமல் போயிற்று.

அவர் அளந்தது பொய் என்றால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரையாவது சபித்துவிட்டு இருந்திருப்பேன். அளவு சரி, சட்டமும் சரி. சட்டம் ஓடையின் இரு கரையிலும்தான் இறங்கிற்று. ஒரு கரையில் மட்டும் அதைத் தடுத்து நிறுத்த ஆள் இருந்தது. இத்தனை காலம் கழித்தும் எனக்கு இதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை.

கலியாணம் நடந்தது. வீட்டுச் சாவியை நிஹாறாவின் கையில் கொடுத்தீர்கள். உங்களுக்கும் காக்காவுக்கும் முன் விறாந்தையில் ஒரு சாக்குமறைப்புத்தான் மிஞ்சிற்று. மருமகன் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் கூச்சப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். “சும்மாதான் வந்தன் புள்ள,” என்பீர்கள். சும்மா வந்தவர் வெங்காயம் உரித்துத் தருவீர்கள், அரிசி களைந்து தருவீர்கள், அஸர் தொழுதுவிட்டும் எழும்பமாட்டீர்கள். இங்கேயே இருங்கள் என்று உங்கள் தம்பி, என் மனுசன், எத்தனையோ தரம் சொன்னார். மகளுக்குக் குறைச்சலாகிவிடும் என்று மறுத்துவிட்டீர்கள்.

பிறகு தோணாவுக்குள் இன்னும் பலர் மண் போட்டார்கள். அயலவர்கள் திரண்டு வந்து, கந்தோருக்குப் போக உங்களையும் கூப்பிட்டார்கள். “வேணாங்கா. அவங்கள வரச்சொல்ல ஏலும். எந்த வாசலுக்குப் போகணுமெண்டு சொல்ல ஏலாது,” என்றீர்கள். அன்றுதான் உங்கள் குரலில் முதல் தடவையாக ஒரு கசப்பைக் கேட்டேன்.

அடுத்த மாரியில், ஈரம் ஊறிய அந்த விறாந்தையில், நெஞ்சுச் சளி முற்றி நீங்கள் மௌத்தானீர்கள். வளவெல்லாம் வெள்ளம். குளிப்பாட்ட ஒரு காய்ந்த இடம் இல்லாமல் மையித்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முழங்கால் தண்ணீரில் சந்தூக்கைத் தூக்கிப் போனார்கள். ஹாஜியார் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் தோள் கொடுத்தார். “நல்ல மனுசி, ஒரு நாளும் குரல் உசத்திக் கதைக்கல்ல,” என்று கண்ணைத் துடைத்தார். அது பொய்க் கண்ணீர் என்று சொல்ல என்னால் ஏலவில்லை.

காக்காவும் போய்விட்டார். நிஹாறா வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டாள். தோணா இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் வடிய ஒரு கான் இருக்கிறது; ஒரு எட்டில் தாண்டலாம்.

தொழுதுவிட்டு நம்மில் மௌத்தானவர்களுக்கெல்லாம் துஆக் கேட்கிறேன். அவர்களுடைய பிழைகளைப் பொறுப்பாயாக, அவர்களுடைய கப்ருக் குழியை விசாலமாக்குவாயாக. சின்ன வயதிலிருந்து ஓதி வருவது, நாவில் தானாக ஓடிவிடும். உங்களுடைய பேர் வரும்போது மட்டும் நின்றுவிடுகிறேன். பிழை பொறுக்கும்படி கேட்கத் தோன்றுவதில்லை. ரப்பே, இவவுக்கு இடத்தைக் கொடு என்று மட்டும் கேட்கிறேன்.